இயங்குதளம் போடப் பழகும் பிள்ளைக்கு

பிள்ளை, இனி உன்னைத் தேடி ஆட்கள் வருவார்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத லப்டொப்புகள் விடத்தல்தீவிலும் பள்ளமடுவிலும் அடம்பனிலும் வீடுகளில் கிடக்கின்றன. புதிது வாங்கப் பல வீடுகளில் வசதி இல்லை. டெபியனோ உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போட்டுவிட்டால், அதே லப்டொப்பில் ஒரு பிள்ளை உயர்தரம் படித்து முடிக்கலாம். நீ பழகத் தொடங்கியிருப்பது ஊருக்கு வேண்டிய வேலை.

போடும் விதத்தை யாரும் சொல்லித்தருவார்கள். நிறுவல் பாதியில் நின்றால், போட்டது எழும்பாவிட்டால், பழைய நிலைக்கு மீட்கப் போய் இருந்ததும் போய்விடும்போல் ஆனால், அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர ஆள் குறைவு. இத்தனை வருடத்தில் பார்த்த பிழைகளிலிருந்து எனக்கு விளங்கியதை எண் போட்டு எழுதுகிறேன். வரிசையைப் பெரிதாக எடுக்காதே. முதலாவது மட்டும் எப்போதும் முதலாவதுதான்.

1. எந்த மெசின் வந்தாலும், பட்டனை அழுத்துவதற்கு முதல் கொண்டுவந்தவரிடம் கேள்: “இதுக்குள்ள எது போனால் உங்களாலை தாங்க ஏலாது?” உடனே பதில் வராது. ஆறுதலாக இருந்து யோசிக்க விடு. கலியாணப் படம், பள்ளிக்கூட வினாத்தாள், மீனவர் சங்கத்தின் கணக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரல் பதிவு என்று ஒவ்வொன்றாக வரும். எழுதிக்கொள். அந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்கு நகலாகி, அந்த நகலை நீ திறந்து பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இந்தக் கரையில் அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எங்கள் ஊரிலிருந்தும் போயின. கையில் கொஞ்சத்தைத்தான் கொண்டுபோக முடிந்தது. 2008 ஜூலையில் இராணுவம் விடத்தல்தீவைப் பிடித்தது. அதற்கு முதலே எழும்பி வன்னிக்குள் இடம் மாறி இடம் மாறிப் போன சனம், கடைசிவரை இறுக்கிப் பிடித்தது பத்திரப் பையைத்தான். திரும்பி வந்து கூரை போட்டோம், கதவு போட்டோம். தொலைந்த படங்கள் திரும்பி வரவில்லை. ஆகவே இங்கே ஒருவரின் லப்டொப்பில் கிடக்கும் மங்கலான ஸ்கான் படம், செத்துப்போன தகப்பனுக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே முகமாக இருக்கலாம். கச்சானுக்கு வாடி விழுந்தால் கிடுகு வாங்கி இன்னொரு வாடி போடலாம். உள்ளே வைத்திருந்த பத்திரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இயங்குதளம் வாடி.  டெபியனை எத்தனை தரமும் காசில்லாமல் இறக்கலாம்.

2. திரையில் வந்ததை வாசி. வடிவாக, கடைசி எழுத்து வரை வாசி. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த மாதங்களில் கரண்ட் போய் வந்த பிறகு எழும்பாமல் நின்ற மெசின்கள் நிறைய. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு சொல். “என்ன எழுதிக் கிடந்தது?” என்று கேட்டால், “என்னவோ இங்கிலீசில கிடந்தது, நிப்பாட்டிட்டன்” என்பார்கள். ஒரு ரீச்சரின் மெசினை வைரஸ் என்று சொல்லி யாரோ முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வருடக்கணக்காக அவ தயாரித்த வினாத்தாள்கள் அதோடு போயின. அந்தச் சொல்லுக்குச் சில வரி மேலே, எந்தப் பகுதியில் கோப்பமைப்புக் குழம்பியிருக்கிறது, எந்தச் சோதனையைக் கையால் ஓட்ட வேண்டும் என்று மெசினே எழுதியிருக்கும். ‘எஃப்எஸ்சிகே’ என்ற அந்தச் சோதனையை அந்தப் பகுதியின் பெயரோடு ஓட்டினால் அநேகமானவை எழும்பிவிடும். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் முதலில் நகல், பிறகு சோதனை.

ஃபோனால் திரையைப் படம் எடுத்துவை. அடுத்த தரம் எழுப்பும்போது அந்த வரி ஓடி மறைந்துவிடும்.

3. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னதை இந்த வேலையில் நேரே பார்ப்பாய். நிறுவும்போது அழிக்கக் கூடாத பகுதியை அழித்துவிட்டது தெரிந்த உடனே கையை எடு. பகுதிகளின் அட்டவணை மட்டும் போயிருந்தால் கோப்புகள் இன்னும் அங்கேதான் கிடக்கும். மேலே எதையும் எழுதாதவரை மீட்க வழி உண்டு. ஆனால் பதற்றத்தில் மனிதர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குகிறார்கள். முதல் பிழையைத் தாங்கிய டிஸ்க் இரண்டாவது பிழையைத் தாங்காது.

மெசினை நிறுத்து. நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் எழுப்பு. குனூ டிடிரெஸ்கியூவால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடு. வாசிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் பொறுமை அதற்கு உண்டு. அதற்குப் பிறகு நகலின்மேல் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டு. தொலைந்த பகுதியை அது தேடித் தரும். அதாலும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக் படங்களையும் ஆவணங்களையும் பெயர் இல்லாமலாவது பொறுக்கித் தரும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் கெதியாக நிறுத்து: அழித்த இடத்தைப் பின்னால் தானாகவே துடைக்கும் வழக்கம் அதற்கு உண்டு, துடைத்தது வராது.

நடந்ததை உரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடு. “மெசின் பழசு, அதுதான் போட்டுது” என்று சொல்லித் தப்புவது சுலபம். அப்படி ஒருதரம் சொன்னவன் பிறகு எல்லா மெசினுக்கும் அதையே சொல்லப் பழகிவிடுவான்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதைக் கொப்பியில் எழுது.

ஒரு லப்டொப்பில் நிறுவும் திரை டிஸ்க்கையே காட்டவில்லை. அதை என்னிடம் கொண்டுவந்த பெடியன் ஏற்கெனவே பயோஸுக்குள் போய் செக்யூர் பூட்டை நிறுத்தி, லெகசி முறைக்கு மாற்றி, டிஸ்க் கட்டுப்பாட்டையும் ஏஎச்சிஐக்கு மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்திருந்தான். லினக்ஸும் போகவில்லை, இருந்த விண்டோஸும் எழும்பவில்லை. எதனால் எது நடந்தது என்று அவனுக்கே தெரியாது. இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற ஏற்பாடு உள்ள லப்டொப்புகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அங்கே வேண்டியிருந்தது ஏஎச்சிஐ மாற்றம் ஒன்றுதான். அதையும், விண்டோஸ் அடுத்த தரம் சேஃப் மோடில் எழும்பும்படி வைத்துவிட்டுச் செய்திருந்தால் இரண்டும் எழும்பியிருக்கும். பழைய அமைப்பு என்னவென்று அவன் எழுதிவைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் போனது. திருத்தச் சில நிமிடம் காணும்.

கொப்பியில் மூன்று நிரல் போடு: என்ன கண்டேன், என்ன மாற்றினேன், என்ன நடந்தது. கண்டது என்ற நிரலில் உன் ஊகத்தை எழுதாதே. “டிஸ்க் செத்துவிட்டது” என்பது ஊகம். “டிஸ்க் பட்டியலில் வரவில்லை” என்பது கண்டது.

5. இறக்கிய கோப்பைச் சரிபார்க்காமல் பென்டிரைவில் எழுதாதே. எங்கள் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும். பெரிய ஐஎஸ்ஓ கோப்பில் எங்கேயோ ஒரு துண்டு சிதைந்தாலும் பெயர் சரியாகவே இருக்கும். நிறுவல் நடுவழியில் நிற்கும்போது நீ அப்பாவி மெசினைக் குறைசொல்வாய். ஷா256 எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடச் சில நிமிடம் போதும். முடிந்தால் அவர்களுடைய கையொப்பத்தையும் சரிபார். 2016 பெப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் சுட்டியைக் கள்ளவழி வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் ஆட்கள் அதை ஒளிக்கவில்லை. உடனே வெளியே சொல்லி, இறக்கியவர்கள் எல்லாரையும் சரிபார்க்கச் சொன்னார்கள். 

பென்டிரைவில் எழுதும்போது, எந்தச் சாதனத்தின்மேல் எழுதப் போகிறாய் என்பதை அதன் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய். 16 ஜிபி பென்டிரைவும் 500 ஜிபி டிஸ்க்கும் பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

6. டைம்ஷிஃப்ட் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று மனப்பாடமாக வைத்திரு. 2017இல் வந்த லினக்ஸ் மின்ட் 18.3 முதல் அது மின்டோடு சேர்ந்தே வருகிறது. ஓர் அப்டேட்டால் இயங்குதளம் குழம்பினால், நேற்றைய நிலைக்குத் திருப்ப அதைப்போல் உதவி வேறு இல்லை. ஆனால் அது இயங்குதளத்தின் கோப்புகளுக்கானது. படங்களும் ஆவணங்களும் இருக்கிற ஹோம் பகுதியை, நீயாகச் சொன்னாலொழிய, அது விட்டுவிடும். அதில் நியாயம் இருக்கிறது: இயங்குதளத்தைப் போன கிழமைக்குத் திருப்பும்போது, இன்று காலை எழுதிய கடிதமும் போன கிழமைக்குப் போய்விடக் கூடாது. இது விளங்காமல், “டைம்ஷிஃப்ட் போட்டிருக்கு, எல்லாம் பத்திரம்” என்று நம்பி டிஸ்க்கைத் துடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர் தன் தாயின் செத்தவீட்டுப் படங்களைத் தேடி வந்தார். அந்த இடத்தின்மேல் ஏற்கெனவே புதிய இயங்குதளம் எழுதப்பட்டிருந்தது. இல்லை என்று அவருக்குச் சொன்ன அந்தப் பின்னேரம் எனக்கு இன்னும் கனக்கிறது.

இன்னும் சில விஷயம். டைம்ஷிஃப்ட் ஆர்சிங்க் முறையில் எடுக்கும் பதிவு லினக்ஸ் கோப்பமைப்பு உள்ள டிஸ்க்கில்தான் தங்கும்; கடையில் வாங்கிய பென்டிரைவை அப்படியே செருகினால் ஏற்காது. பதிவை அதே டிஸ்க்கில் வைத்தால், டிஸ்க் சாகும்போது அதுவும் சாகும். எத்தனை பதிவு வைப்பது என்று கணக்கு வைக்காவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் உள்ளே விடாமல் மெசின் திரும்பத் திரும்ப அதே கடவுச்சொல்லைக் கேட்கிறதா? முதலில் டிஸ்க்கில் இடம் மிச்சமிருக்கிறதா என்று பார். மெசின் எழும்பவே இல்லையென்றாலும், லைவ் பென்டிரைவிலிருந்து டைம்ஷிஃப்டைத் திறந்து மீட்கலாம். கையாலேயே கோப்புகளை நகலெடுத்துப் புதிய டிஸ்க்குக்கு மாற்றினால், எஃப்எஸ்டாப் என்ற கோப்பில் பழைய டிஸ்க் பகுதிகளின் அடையாள எண்கள் அப்படியே இருக்கும். மெசின் இல்லாத டிஸ்க்கைத் தேடிக் காத்திருந்துவிட்டு நின்றுவிடும். எண்களை மாற்றி, இயங்குதளத்தை எழுப்பும் கிரப்பை மறுபடி நிறுவு, எழும்பும்.

7. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து சேர்த்துவருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெருப்பு நினைவுக்கு வரும். ஒரு குடும்பத்தின் படங்களுக்கு நீ செய்வதும் அதே வேலைதான். முக்கியமானதற்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் மன்னார் ரவுணில் இருக்கும் அக்கா வீடும் காணும்.

பிரதி எடுத்தால் மட்டும் காணாது. அதிலிருந்து மீட்டுப் பார். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வழிகளில் காப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முதல் வேறொரு தேவைக்காக எடுத்த நகல் ஒன்று இருந்ததால் மீண்டார்கள். எனக்கு அதில் பிடித்தது அவர்கள் நடந்துகொண்ட விதம். மீட்பு வேலையை உலகமே பார்க்க நேரலையில் காட்டினார்கள். பழியை ஒரு ஆளின் தலையில் போடவில்லை. எது எது வேலை செய்யவில்லை என்று தாங்களே எழுதி வெளியிட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு அது முடியுமென்றால் உனக்கும் எனக்கும் முடியும்.

8. விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் இருக்கப் போகின்றன என்றால் இரண்டுக்கும் மரியாதை கொடு. ஒன்றை உயர்த்த மற்றதை இழிவாகக் கதைக்காதே. வந்தவருக்கு வேலை நடந்தால் சரி. பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து எழுதிவைக்கச் சொல். ஃபாஸ்ட் ஸ்டாட்டப்பை நிறுத்து. அது இயங்கினால் விண்டோஸ் பகுதி அரை உறக்கத்தில் இருக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது. விண்டோஸ் பகுதியை விண்டோஸின் கருவியாலேயே சுருக்கு.

சில வேளை நீயும் உரியவரும் ஒன்றும் செய்யாமலே எழும்பாமல் போகும். 2024 ஓகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டும் சேர்ந்திருந்த பல மெசின்களில் லினக்ஸ் எழும்பவில்லை. ‘ஷிம்’ என்றும் ‘எஸ்பாட்’ என்றும் ஒரு வரி திரையில் வந்தது. செக்யூர் பூட்டை நிறுத்தி லினக்ஸை எழுப்பி, அந்த எஸ்பாட் கொள்கையை நீக்கிவிட்டு, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டவர்களுக்குச் சரியாயிற்று. பதறி முழுவதையும் அழித்துப் போட்டவர்களுக்குப் போனது போனதுதான். இன்னொன்று, இடம் வேண்டும் என்று விண்டோஸுக்குள் இருந்து லினக்ஸ் பகுதியை அழிப்பார்கள். பழைய மெசின் என்றால் அடுத்த தரம் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று மட்டும் எழுதிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் உள்ளே சுகமாக இருக்கிறது, எழுப்பும் வழி மட்டும் போயிருக்கிறது என்று முதலில் அவருக்குச் சொல். பயம் தெளிந்த பிறகு நீ திருத்து.

9. மென்பொருளைக் குறைசொல்வதற்கு முதல் மெசினைத் தொட்டுப் பார். இது கடற்கரை. உப்புக்காற்று ரெம்மின் தங்க முலாம் பூசிய பற்களில் படிந்து, நிறுவல் ஒவ்வொரு தரமும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் கோப்பையோ பென்டிரைவையோ சந்தேகி. வெவ்வேறு இடத்தில் நின்றால் ரெம்மைச் சந்தேகி. மின்சாரத்தை எடுத்துவிட்டு ரெம்மைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டு, ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓடவிடு. நேரம் காட்டும் சின்ன பற்றரி செத்திருந்தால் மெசின் பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும்; அப்போது பாதுகாப்பான தளம் ஒன்றும் திறக்காது, அப்டேட்டும் ‘இது இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும். அதற்காக முழு இயங்குதளத்தையும் மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள். திகதியைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல் வேலையாக இருக்கட்டும்.

10. மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில், பற்றரி நிற்காத மெசினில் நிறுவத் தொடங்காதே. நாளைக்கு என்று சொல்.

11. மீட்கும்போது மற்றவரின் வாழ்க்கை முழுவதும் உன் கண்ணுக்கு முன்னால் ஓடும். படங்கள், கடிதங்கள், வைத்திய அறிக்கைகள், வெளிநாட்டு வழக்குப் பத்திரங்கள். நகல் சரியா என்று பார்க்க இரண்டு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால், உரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் காட்டும் கோப்பைத் திற. அவர் இல்லாத நேரத்தில் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டால் போதும். வேலை முடிந்து அவர் தன் பிரதியைப் பார்த்து உறுதிசொன்ன பிறகு, உன்னிடம் உள்ள நகலை அவருக்கு முன்னாலேயே அழி. எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு வீட்டுக் கதை தேத்தண்ணிக் கடைக்குப் போக ஒரு சொல் காணும். நீ பெண்பிள்ளைகளின் லப்டொப்பையும் ஃபோனையும் தொடப் போகிறாய். அவர்கள் பயமில்லாமல் தரக்கூடிய ஆளாக இரு. தொழில்நுட்பம் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, இதில் குறை வந்தால் இந்த வேலையை விட்டுவிடு என்றே சொல்வேன்.

12. தெரியாததைத் தெரியாது என்று சொல். கேட்கும்போது ஒழுங்காகக் கேள்: என்ன மெசின், எந்தப் பதிப்பு, திரையில் வந்த வரி என்ன, அதற்கு முதல் என்ன செய்தாய். “வேலை செய்யேல்லை” என்று மட்டும் சொன்னால் உலகத்தில் யாராலும் உதவ முடியாது. தமிழிலேயே படிக்க வழி இருக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. டெபியனை நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கும். யாரோ முகம் தெரியாதவர்கள் இரவிருந்து மொழிபெயர்த்து வைத்தது அது. 2011 வரை உபுண்டுக்காரர்கள், கேட்டவர்களுக்கு சிடியைத் தபாலில் காசில்லாமல் அனுப்பினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியவர்கள் எங்கள் நாட்டுத் தொண்டர்கள். பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது உதவியது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. இந்த வழியில் வந்ததைத்தான் நீ கையில் வைத்திருக்கிறாய். உன் உழைப்புக்குக் கூலி வாங்கு, வெட்கப்படாதே. மென்பொருளுக்கு என்று காசு வாங்காதே. நீ கண்ட ஒரு சிக்கலையும் அது தீர்ந்த விதத்தையும் தமிழில் எழுதிவை. அடுத்த பிள்ளைக்கு உதவும்.

13. கொடுக்கும் நாளில் அவசரப்படாதே. மெசினை முழுவதும் நிறுத்தி மறுபடி எழுப்பிக் காட்டு. வைஃபை, சத்தம், பிரிண்டர், படம், எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்து பார்க்க விடு. வைஃபை எழும்பாவிட்டால் ஃபோனை வயரால் இணைத்து நெற் எடுத்து, வேண்டிய டிரைவரைப் போடலாம்.

எங்களவர்களுக்கு இரண்டு விஷயம் கட்டாயம் பார். பிரதேச செயலகத்தில் தட்டச்சுப் பழகியவர்களின் விரல் ரெங்கநாதன் விசைப்பலகைக்கே போகும். அதைப் போட்டுக் கொடு. அடுத்தது பாமினி. இங்கே கோயில் அறிவித்தல், வினாத்தாள், சங்கக் கூட்ட அறிக்கை என்று எத்தனையோ பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதிய இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறந்தவுடன் ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தன் கட்டுரைகள் முழுவதும் அழிந்துவிட்டன என்று நினைத்து, கதிரையில் இருந்தபடி பேச்சில்லாமல் போய்விட்டார். பாமினியை நகலெடுத்துப் போட்டதும் தமிழ் எல்லாம் திரும்பி வந்தது. ஒரு கோப்பும் போயிருக்கவில்லை. ஆகவே பழைய விண்டோஸைத் துடைப்பதற்கு முதல் எழுத்துருக்களையும் நகலெடு, உலாவியில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களையும் மறைந்திருக்கும் கோப்புறைகளையும் மறக்காதே.

இனி உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்தவரின் மெசினைத் தொடுவதற்கு முதல் உன் சொந்த லப்டொப்பில் இருப்பதைக் காப்பெடு. அந்த லப்டொப்பின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் டிஸ்க் ஒன்றில் புதிதாக நிறுவி, காப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடு. எது திரும்பி வரவில்லை என்று பட்டியல் போடு. பட்டியலைக் கொண்டு வா பிள்ளை, இருந்து கதைப்போம்.